நாக்கை நீட்டுங்க

மகள் வீட்டுக்குத் திரும்பி வரும் நாள் விடியட்டும் என்று போன வாரம் கதையை விட்டிருந்தோம். விடிந்துவிட்டது. மழையோடு விடிந்தது.

பெரியவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் இன்னொரு கையில் மாத்திரையுமாக வந்து கட்டிலுக்கு எதிரே நின்றாள். மூன்று பெண்களில் மூத்தவள் என்பதால் பிறந்த வீட்டில் அவளைப் பெரியவள் என்று கூப்பிட்டார்கள். புகுந்த வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. புருஷனும் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் கதவு, மேஜை, அலமாரிகளுக்குப் பாலீஷ் போடுகிறவர். தெரு முழுக்க அவருக்குப் பாலீஷ்காரர் என்றுதான் பெயர். குடித்த காலத்தில் வேறு பெயர்களும் இருந்தன. அதையெல்லாம் இப்போது கிளறுவானேன்.

அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து விழுங்கினார்.

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினார். நாக்கின் மேலே பார்த்தாள். தூக்கச் சொல்லி அடியில் பார்த்தாள். இரண்டு கன்னத்தின் உள்பக்கமும் பார்த்தாள். தலை நரைத்த மனுஷன் இப்படி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஆரம்பத்தில் அவளுக்கே சங்கடமாக இருந்தது. இப்போது பாத்திரம் விளக்குவது போல அதுவும் ஒரு வேலை.

குடியை நிறுத்துகிறவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை அது. அது உடம்பில் இருக்கும்போது ஒரு மடக்கு உள்ளே போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கும். அந்தப் பயத்தில் கை பாட்டில் பக்கம் போகாது. ஒரு வருஷமாகப் போகவில்லை.

ஒரு வருஷம் என்பது மகள் போட்ட கெடு. "அப்பா ஒரு வருஷம் குடிக்காம இருந்து காட்டட்டும், வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போனவள் அவள். மாத்திரை சங்கதி அவளுக்குத் தெரியாது. பாலீஷ்காரர்தான் சொல்ல வேண்டாமென்றார். தானாகவே விட்டதாக மகள் நினைக்கட்டும் என்பது அவருடைய ஆசை. பெரியவளுக்கும் அதை மறுக்க மனசு வரவில்லை.

அன்றைக்குக் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே அவர் பழைய பேச்சை எடுத்தார். "சாயங்காலமானா தலை வெடிக்குது, பெரியவளே. மூஞ்சியெல்லாம் எரியுது. இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலைபோல. டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

பாப்பா வந்து சேரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவள் பேச்சை அதோடு முடித்துவிட்டாள். முடிக்காமல் என்ன செய்வாள்? பல்வலி என்று குடித்தவர், ஜலதோஷம் என்று குடித்தவர், செத்துப் போன கூட்டாளிக்காகக் குடித்தவர், அந்தக் கூட்டாளி உயிரோடு எதிரே வந்து நின்றபோது அந்தச் சந்தோஷத்துக்கும் குடித்தவர். சாக்குகளைக் கேட்டுக் கேட்டே அவள் காது தேய்ந்துபோயிருந்தது. தலைவலியும் அதில் ஒன்றாகத்தான் விழுந்தது.

இங்கே வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். போன வாரமே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டேன்.

அவர் முதல் தடவை தலைவலி என்று சொன்னது போன மாதம். மறுநாளே பெரியவள் பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒரு மருந்துக் கடைக்குப் போனாள். ஐந்து அட்டை வாங்கினாள். நான்கைத் தையல் மிஷின் இழுப்பறையில் பாபின் டப்பாவுக்குள் ஒளித்தாள். ஒன்றை அவசரத்துக்கு இருக்கட்டுமென்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரையைப் பொடித்து அவருடைய காபியில் கலக்கிக் கொடுத்துவந்தாள். சர்க்கரை தூக்கலாகப் போட்டாள். ஒன்றுக்கு அடங்காதவர் இரண்டுக்கு அடங்குவார் என்பது அவள் கணக்கு. இதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பயம்தான். ஒரு வருஷம் முடிகிற நேரத்தில் மனுஷன் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்ற பயம்.

பாலீஷ்காரர் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். ஒரு லாட்ஜுக்குச் செய்த கதவுகளை அன்றைக்குள் முடித்தாக வேண்டும். சீக்கிரம் வருகிறேன், பாப்பாவை முதலில் சாப்பிடச் சொல் என்று வாசலில் நின்று சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

மதியம் மகள் வந்தாள். பெட்டியைக் கூடத்திலேயே வைத்துவிட்டு, வீட்டைப் புதிதாகப் பார்ப்பது போலச் சுற்றிப் பார்த்தாள். பெரியவள் வீட்டிலிருந்தபடியே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். ஊராருக்குத் தைத்ததில் மிஞ்சிய நல்ல துணியில் மகளின் அறை ஜன்னலுக்குத் தைத்து மாட்டியிருந்தாள். மகள் அதைத் தொட்டுப் பார்த்தாள். நல்லாயிருக்கும்மா என்றாள். பெட்டியை மட்டும் அறைக்குள் கொண்டுபோகவில்லை. அப்பா வரட்டும் என்றாள்.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினாள். பாலீஷ்காரருக்குக் கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி. பழைய அளவுதான், ஆனால் நல்ல பிரேம். அவர் மூக்கில் அதைத் தானே மாட்டிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள் என்பது அவள் துடைத்துத் துடைத்து மூடிய விதத்திலேயே தெரிந்தது. ஒரு வருஷமாகப் பட்ட பாடெல்லாம் பெரியவளுக்கு அந்த நிமிஷத்தில் மறந்துபோனது.

அப்போதுதான் போன் அடித்தது.

பேசியது பட்டறையில் கூட வேலை செய்கிற தச்சர். மரம் இழைக்கும் உளியைக் கையிலிருந்து கீழே வைக்காததால் இழைப்புளி என்று பெயரெடுத்தவர். எதையும் வேடிக்கையாகப் பேசுகிற ஆள் அன்றைக்கு வேடிக்கை பேசவில்லை. "அண்ணி, அண்ணன் விழுந்துட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க்கிட்டிருக்கேன். நேரா அங்கே வந்துடுங்க."

போனார்கள். மகள் போகிற போக்கில் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டதைப் பெரியவள் கவனித்தாள். ஏன் என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

அவசரப் பிரிவில் ஒரு கட்டிலில் அவர் கிடந்தார். முகமும் கழுத்தும் நெஞ்சும் வெந்து போனது போலச் சிவந்திருந்தன. மூச்சுக்கு மாஸ்க் போட்டிருந்தார்கள். அதை விலக்கி விலக்கி வாந்தி எடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் போனதுமே ஸ்பிரிட் வாசனை குப்பென்று அடித்தது.

அந்தச் சிவந்த முகம் பெரியவளுக்குத் தெரிந்த முகம். குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடக்கும் முகம். மாத்திரையையும் மீறிக் குடித்தால் இப்படித்தான் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இன்றைக்கா? மகள் வருகிற இன்றைக்கா?

டாக்டர் சின்ன வயசுக்காரி. என்ன நடந்தது, என்ன சாப்பிட்டார் என்று கட்டிலைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் பெரியவளிடமிருந்து வந்தது. புருஷனிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வது அவள் வழக்கம்.

"பாலீஷ் ஸ்பிரிட்டைக் குடிச்சிருக்கார், டாக்டர்."

கட்டிலிலிருந்து தலை இப்படியும் அப்படியும் ஆடியது. "குடிக்கலை," என்றார் பாலீஷ்காரர். மாஸ்குக்குள்ளிருந்து வந்த அந்தச் சொல்லை யாரும் காதில் வாங்கவில்லை.

இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. மரத்துக்குப் போடுகிற ஸ்பிரிட்டை யாரும் குடித்துவிடக் கூடாதென்று அதில் விஷம் கலந்து, நீல நிறமும் ஏற்றி விற்பார்கள். பாலீஷ்காரர் கெட்டுக் குட்டிச்சுவராகக் கிடந்த நாட்களில்கூட அந்த நீலக் கேனில் வாய் வைத்ததில்லை. அது அவருக்கு ஒரு ரோஷம். பெரியவளுக்கும் அது நன்றாகத் தெரியும். அந்த நேரத்துக்கு மறந்துபோனாள்.

டாக்டர் பரபரப்பானாள். அவர் கண்ணுக்கு நேரே விரலைக் காட்டி, தெரிகிறதா, மங்கலாக இருக்கிறதா என்று கேட்டாள். அந்த விஷம் முதலில் கண்ணைத்தான் பறிக்குமாம். மகள் கையிலிருந்த கண்ணாடிப் பெட்டியைக் கைப்பைக்குள் போட்டாள்.

"இவ்வளவு சிவப்பா இருக்கிறதுதான் எனக்குப் பிடிபடலை," என்ற டாக்டர் பெரியவளைப் பார்த்தாள். "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

பெரியவள் மகளைப் பார்த்தாள். மகள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லைங்க."

டாக்டர் நின்றபடியே விளக்கினாள். அந்த விஷம் உள்ளே போனதும் கெடுதல் செய்யாது. உடம்பில் இருக்கிற ஒரு என்சைம் அதை வேறொன்றாக மாற்றும்போதுதான் ஆபத்து. அந்த என்சைமைப் போய்ப் பிடித்து நிறுத்த ஒரு மருந்து உண்டு. இங்கே கைவசம் இல்லை, வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும், மழையில் எப்போது வருமோ தெரியாது. ரத்தப் பரிசோதனை முடிவுக்கும் காத்திருக்க முடியாது. அதுவரை பழைய முறைதான்.

"சுத்தமான ஆல்கஹாலை டியூப் வழியா வயித்துக்குள்ள கொடுப்போம். அந்த என்சைம் இதைக் கவனிக்கப் போயிடும், விஷத்தை விட்டுடும். பயப்படாதீங்க, வழக்கமா செய்யறதுதான்."

மகள் சிரித்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "அவர் ஆசைப்பட்டது கிடைச்சுடுச்சு. நான் கிளம்புறேன்மா," என்று பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

நர்ஸ் டியூபும் ஒரு பாட்டிலும் வைத்த தட்டைக் கொண்டுவந்து கட்டிலருகில் வைத்தாள். பாலீஷ்காரர் அதைப் பார்த்தார். கையை உயர்த்தப் பார்த்தார், அது பாதியில் விழுந்தது.

ஒரு மடக்கு உள்ளே போனாலும் என்று டாக்டர்கள் சொன்னது பெரியவளின் காதுக்குள் கேட்டது. வாயைத் திறந்தால் ஒரு வருஷம் கட்டிக் காத்தது போய்விடும். மகள் அப்பா தானாக விட்டார் என்று நம்பியது பொய்யாகிவிடும். திறக்காவிட்டால் மனுஷனே போய்விடுவார். அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்காதீங்க. அவர் குடியை நிறுத்துற மாத்திரை சாப்பிடுறார். ஒரு வருஷமா."

டாக்டர் தட்டைத் தானே எடுத்துத் தூரமாக வைத்தாள். பிறகு திரும்பி, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் முகம் வெளிறியிருந்தது. மாத்திரையின் பெயரைக் கேட்டாள். பெரியவள் சொன்னாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

இந்தத் தடவை பாலீஷ்காரர் முந்திக்கொண்டார். கட்டிலில் கிடந்தபடியே ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

பெரியவள் அந்த விரலைப் பார்த்தாள். நகத்துக்குள் பாலீஷ் கறை ஏறிய விரல்.

"ரெண்டு," என்றாள். "காலையில ஒண்ணு கொடுக்கிறேன், அது அவருக்குத் தெரியும். சாயங்காலம் காபியில ஒண்ணு கலக்கிறேன். அது தெரியாது."

விரல் மெதுவாக மடங்கியது.

டாக்டர் அடுத்து, அவருக்கு என்ன வேலை, இன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டாள். பெரியவள் வழக்கம்போல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "அவரையே கேளுங்க," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் விட்டு விட்டுச் சொன்னார். விட்ட இடத்தை இழைப்புளி எடுத்துச் சொன்னார். ஈரக் காற்று பட்டால் பாலீஷ் வெள்ளை பூத்துவிடும். அதனால் மழைக்காலத்தில் அறையின் ஜன்னலையும் கதவையும் இறுகச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில். பஞ்சை நனைப்பது ஸ்பிரிட்டில். கை கழுவுவதும் அதில்தான். போன மாதம் மழை பிடித்ததிலிருந்து அப்படித்தான் நடந்தது. இன்றைக்குக் காலையிலிருந்து அவர் வெளியே வரவே இல்லை, சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டுமென்று சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

சற்று நேரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. விஷம் குடித்த அடையாளம் இல்லை. ஆல்கஹால் இருந்தது, அதுவும் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு.

"அவர் குடிக்கலை," என்றாள் டாக்டர். "மூச்சு வழியாத்தான் போயிருக்கு. சாதாரண ஆளுக்கு இது ஒண்ணுமே செய்யாது. இந்த மாத்திரை அதிகமா உள்ளே இருக்கிறவருக்கு இதுவே போதும். ரொம்ப நாளாவே சாயங்காலம் தலைவலி, முகம் எரிச்சல்னு இருந்திருக்குமே? சொல்லலையா?"

சொன்னார். சொல்லிக்கொண்டேதான் இருந்தார். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரும் போன வருஷம் அவரிடம் என்ன வேலை என்று கேட்டிருந்தார். மர வேலைங்க என்று பெரியவள்தான் சொன்னாள். டாக்டரும் தச்சு வேலையென்று நினைத்துக்கொண்டார். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து கூடாது, சென்ட் கூடாது, ஷேவிங் லோஷன் கூடாது என்று அவர் சொன்னதைக் கேட்டு, வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் குப்பையில் கொட்டியவளும் இவள்தான். தினமும் அவர் சட்டையில் அடித்த ஸ்பிரிட் வாசனை அவளுக்குத் தொழில் வாசனையாகத்தான் தெரிந்தது.

மாத்திரையை நிறுத்திவிட்டால் நாளைக்கே சரியாகிவிடுமா என்று கேட்டாள். ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது.

"ஆகாதும்மா," என்றாள் டாக்டர். "வேற ஆஸ்பத்திரியிலிருந்து வரணும்னு சொன்னேனே, அந்த மருந்து என்சைம் மேல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு எழுந்து போயிடும். என்சைம் பழையபடி வேலை செய்யும். நீங்க கொடுத்தது பிடிக்கிறது வேற என்சைம், அதை விடவும் விடாது. அது பிடிச்ச என்சைம் செத்ததுதான். உடம்பு புதுசா செஞ்சுக்கணும். இன்னிக்கே நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் ஆகலாம். அதுவரைக்கும் அவர் ஸ்பிரிட் பக்கமே போகக் கூடாது."

நல்ல மனசோடு செய்தாலும் கெட்ட மனசோடு செய்தாலும் அந்த இரண்டு வாரம் இரண்டு வாரம்தான். திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றால் முடியாது. பெரியவள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். மகள் அவள் தோளைத் தொடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை.

சாயங்காலம் அவரை வார்டுக்கு மாற்றினார்கள். சலைன் ஏறிக்கொண்டிருந்தது. சிவப்பு இறங்கி முகம் முகமாகியிருந்தது. மகள் கட்டிலருகில் போய், கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். அவர் அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். மாத்திரையால்தான் நிறுத்தினேன், பாப்பா, நானாக நிறுத்தவில்லை என்றார். தினமும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது நீங்கள்தானே அப்பா என்றாள் மகள். அவருக்குக் கண் கலங்கியது, கண்ணாடியைக் கழற்றத் தெரியாமல் தடுமாறினார்.

பெரியவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்தவள் அவர் காலில் போர்வையை இழுத்துவிட்டாள்.

"தலை வலிக்குதுன்னு சொன்னேனே, பெரியவளே," என்றார் அவர்.

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாள். வெட்கத்தில் அவளுக்கு நின்ற இடத்திலேயே மறைந்துவிட வேண்டும் போலிருந்தது.

நர்ஸ் வந்து, வாந்தி நிற்க ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். அவர் வாயில் போட்டு விழுங்கினார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, பெரியவள் பக்கம் முகத்தைத் திருப்பி நாக்கை நீட்டினார். தூக்கி அடியையும் காட்டினார்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கெல்லாம் காட்ட வேண்டாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "தினமும் இப்படித்தானா?" என்று கேட்டாள். ஆமென்று பெரியவள் தலையை ஆட்டினாள்.

"ரெண்டு வாரம் வீட்டில இருக்கேன்," என்றாள் மகள்.

"அப்பா குடிக்கிறாரான்னு பார்க்கவா?"

"அதைப் பார்க்க உள்ளேயே மாத்திரை உட்கார்ந்திருக்கே. அது போனதுக்கு அப்புறம் என்ன பண்ணப்போறார்னு அவர் சொல்லட்டும், கேட்டுக்கறேன். நான் இருக்கிறது உன்னைப் பார்க்க. நீ சும்மா இருப்பியான்னு பார்க்க." கையை நீட்டினாள். "மிச்சத்தை எங்கே வெச்சிருக்கே?"

"மிஷின் இழுப்பறையில. பாபின் டப்பாவுக்குள்ள."

"அவ்வளவுதானே?"

பெரியவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த முதுகைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு வரும் முதல் சாயங்காலத்தை நினைத்தாள். கடைசி அட்டை கிடந்த தன் கைப்பையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்வளவுதான்," என்றாள்.